துண்டுக்குள் முடிந்த சைக்கிள் பேரம்

ஹேண்டில்பாரில் மஞ்சள் நைலான் கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி, பொன்னன் அந்தச் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மாடு பிடித்தால் விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், வாங்கியவன் புதுக் கயிறு கட்டி ஓட்டி வருவான். நாற்பது வருடப் பழக்கம் அவருக்கு. சைக்கிளுக்குக் கயிறு எதற்கு என்று செம்மேட்டுச் சந்தையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பொன்னனிடம் கேட்கும் தைரியம் மலை மேல் குண்டூர் நாட்டில் பலருக்கும் கிடையாது.

விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்த மேகலா ஓடி வந்தாள். வந்தவள் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்கப்பா, இது யாரு வண்டி?"

"யாரு வண்டியா? உன் வண்டி சாமி. பாரு, முன்னால ஒரு ஸ்பிரிங்கு, பின்னால ஒரு ஸ்பிரிங்கு. சிங்கம் மாதிரி நிக்குது!"

"டீச்சர் வண்டி எங்கீங்க?"

"அதையும் போய்ப் பார்த்தேன். ஒத்த ஸ்பிரிங்கு. பின்னங்கால் விறைச்ச மாடு மாதிரி இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன்."

மேகலாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

மூன்று வாரமாக இந்தத் தொடரில் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேகலாவுக்கு மலை மேல் தபால் கொடுக்கும் வேலை கிடைத்தது. உத்தரவுக் கடிதம் மலையடிவாரத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த சேந்தமங்கலத்து வீட்டுக்குப் போனது. அவள் கணவன் யுவராஜ், பொக்லைன் ஓட்டுகிறவன், அதை வாங்கிப் பதினோரு நாள் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டபோதும் அவனுக்குக் கூச்சமில்லை. "பொண்டாட்டி பை தூக்கிட்டு ஊரூராச் சுத்தறதைப் பார்க்கவா கல்யாணம் பண்ணினேன்?" என்று கேட்டான்.  அவள் கடிதத்தையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். கையில் இருப்பது இரண்டே நாள்.

வேலை கிடைத்தது பெரிதில்லை, காப்பாற்றுவதுதான் பெரிது. செம்மேட்டில் காலையில் தபால் பையை எடுத்து, ஊற்றுக்காடு, மேல்வளவு, கல்லாத்துப்பட்டி என்று ஏழு ஊருக்குப் போய், மூன்று மணி பஸ்ஸுக்குள் பையோடு திரும்பிவிட வேண்டும். நடந்தால் நடக்காது. மொபெட்டும் உதவாது. போன வருட மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து, கல்படி இறங்கி, தண்ணீரைத் தாண்டி, மறுபடி கல்படி ஏற வேண்டும். சைக்கிள் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு தாண்டலாம். அதனால்தான் சைக்கிள்.

எந்தச் சைக்கிள் என்று தெரிந்துகொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். செம்மேட்டுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர் சுகுணா, மாற்றலாகி ஆத்தூர் போகிறவர், தன் மலைச் சைக்கிளை விற்கப்போவதாகச் சொன்னார். முன்பக்கம் மட்டும் ஷாக் ஸ்பிரிங் உள்ள வண்டி. மேகலா நாலு நாள் அதை ஓட்டிப் பார்த்தாள். தோளில் தூக்கிக் கல்படியில் ஏறி இறங்கினாள். பிரேம் நடுவில் தோளை நுழைக்க இடம் இருந்தது. பின்னால் கேரியர் மாட்டத் துளை இருந்தது. "டபுள் ஷாக் பார்க்க அழகா இருக்கும் மேகலா. புதுசு, விலை உசந்ததுன்னா சரி. பழசுல மட்டும் வாங்கிடாதே. எடை ஜாஸ்தி, ஏத்தத்துல நீ மிதிக்கிற மிதியைப் பின் ஸ்பிரிங்கே குடிச்சிரும், கேரியரும் நிக்காது" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இதை மேகலா அப்பாவிடம் ஒரு தடவையா சொன்னாள்? பத்துத் தடவை சொன்னாள்.

நேற்று ராத்திரி சோறு தின்னும்போது அவராகத்தான் பேச்சை எடுத்தார். "நாளைக்குச் சந்தைக்கு எப்படியும் போறேன். டீச்சருக்குப் பணத்தைக் குடுத்து வண்டிய நானே ஓட்டியாந்துடறேன் கண்ணு." இந்த வேலையைப் பற்றி மூன்று வாரத்தில் அப்பா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மேகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இப்போது அந்தக் கையில் கயிறு இருந்தது.

"அப்பா, இந்த வண்டில தபால் பைய எங்க வெப்பேன்?"

"முதுகுல போட்டுக்க."

"ஓடையில எப்படித் தூக்குவேன்? தோளை நுழைக்கற எடத்துல ஸ்பிரிங்கைக் கொண்டாந்து வெச்சிருக்கான் பாருங்க!"

"தூக்கிக் காட்டட்டுமா?" என்று பொன்னன் குனிந்தார். தூக்கினார். அறுபத்திரண்டு வயதுக்கு அது தூக்கல்தான். ஆனால் ஐந்தே அடியில் மூச்சு வாங்கி இறக்கிவிட்டார்.

"நீங்களே அஞ்சடிதான் போனீங்க. எனக்கு எழுபத்தெட்டுப் படி."

"துண்டு போட்டாச்சு மேகலா. வேல்முருகன் கையப் புடிச்சாச்சு. இனிப் பேச்சில்ல."

அங்கேதான் வந்து நின்றது வினை. வேல்முருகன் முன்னாள் மாட்டுத் தரகர். மாட்டு வியாபாரம் படுத்ததும், சேலத்து அடுக்குமாடிப் பிள்ளைகள் ஓட்டிச் சலித்த கியர் சைக்கிள்களை மொத்தமாக எடுத்து வந்து சந்தையில் நிறுத்துகிறார். சரக்குதான் மாறியது, பழக்கம் மாறவில்லை. விலையை வாயால் சொல்ல மாட்டார். இரண்டு கை மேலும் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். கை குலுக்கிவிட்டால் முடிந்தது. வானம் இடிந்து விழுந்தாலும் மாறக் கூடாது.

அடுப்படியிலிருந்து மேகலாவின் அம்மா முனியாயி எட்டிப் பார்த்தாள். "அவ ஓட்டற வண்டிய அவ பாத்து வாங்கினா என்ன? நீங்கதான் மிதிக்கப் போறீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"நீ உள்ள போ."

"போறேன். போயி என்ன பண்ண? எல்லாரும் சேந்து அவளை அழ வெக்கறதப் பாக்கறதுக்கு உள்ள என்ன, வெளிய என்ன" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் போனாள்.

மேகலா அழவில்லை. சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாள். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் ஊன்றி, சக்கரங்கள் மேலே நின்றன. பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். டீச்சர் சொல்லிக்கொடுத்த சோதனை அது.

டக். டக். டக்.

சக்கரம் மட்டும் ஆடவில்லை. பின்பக்கம் முழுவதும், பிரேமோடு சேரும் மூட்டிலிருந்தே ஆடியது. அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். மூட்டைச் சுற்றிக் கிரீஸ் அப்பியிருந்தது. விரலால் வழித்தாள். உள்ளே கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தால், பழைய டியூபை நறுக்கிய ரப்பர் துண்டு. உள்ளிருக்கும் புஷ் வளையம் தேய்ந்துபோய், ஆட்டம் தெரியாமலிருக்க ரப்பரை அடைத்து, மேலே கிரீஸைப் பூசியிருக்கிறார்கள்.

"அப்பா! ஏமாத்திட்டானுங்கப்பா உங்கள!"

பொன்னன் கயிற்று நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டிக்கு இடுப்பே இல்ல. எறக்கத்துல போனா வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும். கெட்ட சுழிய மறைச்சு மாடு வித்தா வித்தவங்கிட்டயே திருப்பிக் கட்டலாமில்ல? நீங்கதானே சொல்லுவீங்க? ஊனத்த மறைச்சா கை புடிச்சதும் செல்லாது, துண்டு போட்டதும் செல்லாதுன்னு?"

"அது மாட்டுக்கு."

"துண்டு மட்டும் சைக்கிளுக்கும் ஆகும், சட்டம் மாட்டுக்கு மட்டுமா?"

"விடு சாமி. போனது போகட்டும். நாமக்கல்லுல புஷ் மாத்திக்கலாம். ஒரு வாரம் ஆகும், ஆகட்டுமே."

"ஒரு வாரமா? திங்கக்கெழமை பைய யாரு தூக்குவா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரையே அதட்டுகிற மனிதர், தன்னை ஏமாற்றியவன் மேல் கோபப்படாமல் இப்படி ஏன் பம்முகிறார் என்று மேகலா ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கோபத்தில் இருக்கிறவளுக்கு யோசனை எங்கே வரும்? ரப்பர் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, சைக்கிளை நிமிர்த்தி, செம்மேட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின் திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

நாலு கிலோமீட்டர். மேட்டில் ஏறி மிதித்துப் பார்த்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி அமுங்கி எழுந்ததே தவிர, வண்டி நகர்வதாக இல்லை. சரிவில் கேட்கவே வேண்டாம். பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒதுங்கியது. ஒரு திருப்பத்தில் பள்ளத்துக்கே இழுத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே போனாள். அவளைத் தாண்டிப் போன பஸ்ஸில் இருந்தவர்கள், கயிறு கட்டிய சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களையெல்லாம் மனதுக்குள் திட்டி முடித்தபோது சந்தை வந்துவிட்டது.

மரவள்ளிக்கிழங்குக் குவியலையும் மிளகு மூட்டைகளையும் தாண்டி, சந்தையின் ஓரத்தில் வேல்முருகனின் சரக்கு வண்டி நின்றது. முன்னால் ஏழெட்டுச் சைக்கிள்கள் வரிசையாக இருந்தன. மேகலா தன்னுடையதைக் கொண்டுபோய் அவர் காலடியில் சாய்த்தாள்.

"இத வெச்சுக்கிட்டுப் பணத்தக் குடுங்க."

வேல்முருகன் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா நீ? ஓ, பொன்னன் பொண்ணா? கை புடிச்ச வியாபாரம் கண்ணு. திருப்பறதுக்கு இது என்ன கடையில வாங்கின சேலையா?"

"ஊனத்த மறைச்ச வியாபாரமுங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்து ரப்பர் துண்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதை யாரு உள்ள அடைச்சது? நானா?"

கூட்டம் கூடக் கேட்கவா வேண்டும்? மிளகு விற்றவர், வாங்கியவர், வேடிக்கைக்கு வந்தவர் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பலாக்காய் வியாபாரி அர்த்தனாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சந்தையில் வழக்கு வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ரப்பரை வாங்கிப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது.

"ஏனப்பா வேல்முருகா, இது நாயமா?"

"அண்ணா, நாயத்தக் கேளுங்க. நான் மறைச்சேன்னு வெச்சுக்குங்க. வாங்கினவரு கண்ணுல படலைன்னாத்தான அது மறைச்சது? அவரு இந்தச் சக்கரத்தப் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. கிரீஸ வழிச்சுப் பாத்தாரு. பாத்துட்டு, கைய என் துண்டுலயே தொடச்சுக்கிட்டு, 'பரவால்ல, போடு துண்ட'ன்னாரு. தெரிஞ்சு வாங்கின ஊனத்துக்கு நான் என்ன பண்ண?"

"பொய்!" என்று மேகலா கத்தினாள். "எங்கப்பா பாத்திருந்தா வாங்கியே இருக்க மாட்டாரு!"

"அந்தா நிக்கறாரு. கேட்டுக்க."

எல்லாரும் திரும்பினார்கள். பொன்னன் மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

அர்த்தனாரி பேச்சை நீட்டவில்லை. "பொன்னா, ஒத்த வார்த்தை. நீ பாக்கலைன்னு சொன்னா வேல்முருகன் இப்பவே பணத்தத் திருப்பணும். நான் வாங்கித் தாரேன். பாத்தேன்னு சொன்னா வண்டி உன்னுது. சொல்லு, பாத்தியா, பாக்கலியா?"

மேகலா அப்பாவையே பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். நாற்பது வருடம் மாடு பார்த்த பொன்னனை ஒரு பழைய சைக்கிளில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சந்தை நாலு நாள் சிரிக்கும், அவ்வளவுதான். பார்த்தேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லுங்கப்பா, பார்க்கலைன்னு சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

பொன்னன் தொண்டையைச் செருமினார்.

"பாத்தேன்" என்றார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. தீர்ப்பு ஆகிவிட்டது, இனி என்ன பார்க்க இருக்கிறது? அர்த்தனாரி ரப்பர் துண்டை மேகலா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மேகலா அப்பாவிடம் நடந்து போனாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"தெரிஞ்சே வாங்கினீங்களா?"

"எறக்கத்துல உன்னைய ஓட்ட உட்டுருக்க மாட்டேன் சாமி. ரெண்டு நாள் தள்ளிப் பாப்ப, முடியலைன்னு நீயே உட்டுருவேன்னுதான்..."

"உட்டுட்டு?"

"உன் ஊட்டுக்குப் போவ. மாப்ள தங்கமான பையன். கோவத்துல ஒரு கடுதாசிய ஒளிச்சு வெச்சான், அதுக்காக வாழாவெட்டியா வந்து உக்காருவியா? என் கண்ணு மூடறதுக்குள்ள..."

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள் மேகலா. "ரப்பர் வரைக்கும் தெரியுது. பெத்த பொண்ணுதான் தெரியல."

அப்பாவை அவள் இப்படிப் பேசியது இதுவே முதல் தடவை. பேசிவிட்டு வருத்தப்படவுமில்லை. கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி, மஞ்சள் கயிற்றின் நுனியை அவர் கையில் வைத்தாள்.

"கை புடிச்சது நீங்க. வண்டி உங்களுது. ஓட்டிட்டுப் போங்க."

திரும்பிப் பாராமல் சுகுணா டீச்சர் குடியிருந்த தெருவுக்கு நடந்தாள். கையில் காசில்லை. அதற்கென்ன? டீச்சர் காலில் விழுந்தாவது, சம்பளம் வாங்கி மாதாமாதம் தருகிறேன் என்று சொல்லி வண்டியை வாங்கிவிட வேண்டும். ஒரு மணிக்கு டீச்சரின் சாமான் லாரி ஆத்தூருக்குக் கிளம்பிவிடும். ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வாசலில் லாரி நின்றது. கட்டிலும் பாத்திர மூட்டையும் ஏறிவிட்டன. வழக்கமாக நீலச் சைக்கிள் சாய்ந்திருக்கும் சுவர் காலியாக இருந்தது.

சுகுணா டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். "வா வா மேகலா! என்ன, வண்டி பிடிச்சுதா? சர்ப்ரைஸ் எப்படி?"

"என்ன டீச்சர்?"

"அட, உன் வீட்டுக்காரர் இன்னும் கொடுக்கலையா? காலையில ஆறரை மணிக்கே வந்துட்டாரே, ஒரு குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கிட்டு. 'மேகலாவுக்குத்தான் வாங்கறேன், இப்ப சொல்லிடாதீங்க'ன்னார். எனக்கு அவரைத் தெரியாது, மேகலாகிட்டத்தான் கொடுப்பேன்னேன். அப்புறம் உங்க அப்பாவும் கூட இருந்தார். அவரே, 'குடுங்க டீச்சர், எங்க மாப்ளதான்'னு சொன்னதும் கொடுத்துட்டேன்."

மேகலா தள்ளாடவில்லை, மயங்கி விழவில்லை. லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரப்பரைப் பார்த்தும் வாங்கியதுதான் துரோகம் என்று நினைத்திருந்தாள், அது பாதிதான். ஆறரை மணிக்கு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து நல்ல வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, அதன் பிறகு போய், மகள் பணத்தில் மகளுக்கு ஓடாத வண்டியை வாங்கியிருக்கிறார். இத்தனையும் செய்தவர்தான் நேற்றுச் சோற்றில் கை வைத்தபடி 'கண்ணு' என்றார். 

டீச்சருக்கு விஷயம் விளங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் முகம் செத்துவிட்டது. "ஐயோ, நான் இப்படி நினைக்கலையே மேகலா... அப்பா கூட வந்தாரேன்னு..."

"உங்க மேல தப்பில்ல டீச்சர்."

அப்போது மேகலாவின் போன் அடித்தது. யுவராஜ். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் எடுத்தாள்.

"என்ன மேகலா, டீச்சர்கிட்டப் போயிட்டியா?" என்றான். குரலில் சிரிப்பு. "உங்கப்பா இப்பத்தான் சொன்னாரு. வண்டி இங்க நம்மூட்டுலதான் நிக்குது. தொடச்சு வெச்சிருக்கேன். எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. வா. வந்து நாலு நாள் இரு. உக்காந்து பேசுவோம். அப்பறம் உன் இஷ்டம், எடுத்துட்டுப் போ."

"திங்கக்கெழமை நான் வேலைக்குச் சேரணும்."

"அதான் சொல்றேன், பேசுவோம்னு. வேலை எங்க ஓடியா போயிருது?"

நாலு நாள். பீரோவுக்குப் பின்னால் கடிதம் கிடந்தது பதினோரு நாள். இப்போது கடிதத்துக்குப் பதில் சைக்கிள், அவ்வளவுதான் வித்தியாசம். மேகலா போனை வைத்தாள்.

"மேகலா, ஒரு நிமிஷம்" என்று டீச்சர் கைப்பையைத் துழாவினார். "பழைய வண்டி விக்கிறப்ப நாளைக்கு யாரும் திருட்டு வண்டின்னு சொல்லிடக்கூடாது பாரு, ரசீது எழுதிக் கொடுப்பேன். அவர் பேரைப் போடச் சொன்னார். ஓட்டப்போறது மேகலா, மேகலா பேர்லதான் எழுதுவேன்னு எழுதிட்டேன். பிரேம் நம்பர் கூடப் போட்டிருக்கேன். கார்பன் காப்பி என்கிட்ட இருக்கு. இந்தா."

மேகலா அந்தத் தாளை வாங்கினாள். நீல நிறத்தில் அவள் பெயர் இருந்தது. இனிஷியலுக்கு அப்பா பெயரா கணவன் பெயரா என்று டீச்சருக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும். இனிஷியலே போடவில்லை.

"டீச்சர், உங்களுக்கு அவரு எவ்வளவு குடுத்தாருன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். "அவருக்கு மாசாமாசம் மணியார்டர்ல அனுப்பி அடைச்சிருவேன்" என்றாள் மேகலா. அத்தனை கோபத்திலும் டீச்சருக்கு முன்னால் அவள் சிரித்தது மணியார்டர் என்ற அந்த ஒரு தபால் வார்த்தைக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டில் சேந்தமங்கலம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. டீச்சரிடம் டிக்கெட்டுக்கு மட்டும் கைமாற்று வாங்கிக்கொண்டு வந்த மேகலா, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

டீக்கடை முன்னால் பொன்னன் நின்றிருந்தார். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அந்த இடுப்பொடிந்த சைக்கிள். மகளை அவர் பார்த்தார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரையும் பார்த்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவர் முகம் அப்படியே இளகிப்போனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடி வந்தார்.

"போறியா சாமி? மாப்ள ஊட்டுக்கா? போ, நல்லபடியாப் போ. அப்பன் பண்ணினது இப்பக் கசக்கும், நாளைக்குப் புரியும். உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். துணிமணியெல்லாம் ரெண்டு நாள்ல கொண்டாந்து குடுக்கறேன் கண்ணு."

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. மனிதர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் அவளை அதிகமாகக் கொதிக்க வைத்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட மன்னித்துத் தொலைக்கலாம்.

"துணி கொண்டார வேண்டாம்ப்பா."

"ஏன் கண்ணு?"

"நான் இருக்கறதுக்குப் போகல. என் சைக்கிள எடுக்கப் போறேன். ரசீது என் பேர்ல இருக்குது." டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "எடுத்துட்டு அதுலயே ஏறி வாரேன். மலைக்கு எழுபது வளைவு. மிதிக்க முடிஞ்ச எடத்துல மிதிப்பேன், முடியாத எடத்துல தள்ளுவேன். எந்நேரமானாலும் இன்னிக்கே வாரேன். நேரா நம்மூட்டுக்குத்தான் வருவேன். எங்கம்மாகிட்டச் சோறு வெக்கச் சொல்லுங்க!"

  பஸ் நகர்ந்தது. பொன்னன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே வந்தார். ஒரு கையில் கயிறு இருந்ததால் அதற்கு மேல் வர முடியவில்லை.

"அவன் குடுக்க மாட்டான் மேகலா!" என்று கத்தினார். "அவன் குடுக்க மாட்டான், நீ தனியாப் போகாத!"

சந்தையில் 'தங்கமான பையன்' என்று சொன்ன வாய் அது. மேகலா சட்டென்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் இப்போது சந்தோஷமும் இல்லை, வீம்பும் இல்லை. வெறும் பயம் இருந்தது. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று யுவராஜைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றியது. தெரிந்தும், ரப்பரைப் பார்த்துவிட்டுத் துண்டு போட்டது போலவே, மாப்பிள்ளை விஷயத்திலும் துண்டு போட்டிருக்கிறார்.

பஸ் முதல் வளைவில் திரும்பியது. பின் கண்ணாடி வழியே பார்த்தபோது, பொன்னன் கயிற்றை விட்டிருந்தார். சைக்கிள் ரோட்டில் விழுந்து கிடந்தது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

மேகலாவின் கையிலிருந்த போன் அடிக்கவில்லை. அப்படியானால் அவர் கூப்பிட்டது யுவராஜை.